முன்சில்லு பேரிங்கும் சீலும் மாற்றுவது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

மாரி முடிந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் நிற்கும் பழைய கார்களில் ஒன்றிரண்டாவது இரையத் தொடங்கிவிடும். எஞ்சின் இரைச்சல் இல்லை. தூரத்தில் மா அரைக்கும் மில் ஓடுவது போல அடிக்குரலில் ஒரு முனகல். 30 கிலோமீற்றர் வேகத்தில் மெல்லக் கேட்கும். 60ஐத் தொட்டால் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது. "கார் பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். அது அநேகமாக முன்சில்லு பேரிங், அதாவது சில்லை அச்சில் சுழல விடும் உருளை வளையம். அதைக் கெடுத்தது பெரும்பாலும் வயது அல்ல, தண்ணீர்.

சில்லு ஓடும்போது ஹப், அதாவது பேரிங் உள்ளே இருக்கும் சில்லின் நடுக்குடம், சூடாகும். பிறேக் பிடிக்கப் பிடிக்க இன்னும் சூடாகும். உள்ளே இருக்கிற காற்று விரிந்து, ஹப்பின் வாயை அடைக்கும் ரப்பர் வளையமான சீலின் ஓரத்தால் கொஞ்சம் வெளியேறும். அந்தச் சூட்டோடு காரை வெள்ளத்துக்குள் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும், மிச்சக் காற்றுச் சுருங்கும், வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியில் இருப்பது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஒழுங்கையெல்லாம் முழங்கால் வெள்ளம். கடல்நீரை ஒட்டிப் போகும் பண்ணை, வல்லை, பொன்னாலை ரோட்டுகளில் அடிக்கடி ஓடுகிறவர்களுக்கு அதோடு உப்புக் காற்றும் சேரும். சீல் நல்லதாக இருந்தால் இந்தத் தண்ணீர் வாசலிலேயே நிற்கும். ரப்பர் காய்ந்து உதடு தேய்ந்த சீல் என்றால் உள்ளே போய் இருந்துகொள்ளும்.

அதனால் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான்: பேரிங்கை மாற்றினால் சீலையும் மாற்றுங்கள். என்னுடைய காருக்கு முதன்முதலாகப் பேரிங் மாற்றியது ஒரு கராஜில். பேரிங் புதிது, சீல் பழையது. அந்தப் பேரிங் அடுத்த மாரியைத் தாண்டவில்லை. இரண்டாவது தடவை நானே செய்யப் பழகினேன். அப்படிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் காருக்கு இது பொருந்தும்

பின்சில்லு இழுக்கும் பழைய வாகனங்களின் முன்சில்லுக்குத்தான் இந்த முறை. கொறோலா டிஎக்ஸ் வேகன், டொல்பின் வான் போன்றவை. இவற்றில் ஒரு சில்லுக்கு இரண்டு பேரிங். இரண்டும் சரிந்த உருளைகள் உள்ள 'ரேப்பர் ரோலர்' வகை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இந்தப் பழைய வண்டிகளின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. வைத்திருப்பவர்கள் பேணத்தான் வேண்டும்.

மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதன் முன்சில்லில் இருப்பது உருண்டைப் பேரிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவளையம் இருக்கும். அதில் நட்டை முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் இறுக்கும் முறை அதற்குச் சரிவராது. விற்ஸ், வாகன்ஆர் போல முன்சில்லு இழுக்கும் புதிய கார்களின் முன்பக்கத்தையும் வீட்டில் தொட வேண்டாம். அவற்றின் பேரிங்கைப் பிறெஸ் மெசினில் வைத்துத்தான் ஏற்றி இறக்க முடியும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் பேரிங் முதல் நாளே காயப்பட்டுவிடும்.

எந்தச் சில்லு என்று பிடிப்பது

காலை வேளையில் ஆள் நடமாட்டம் குறைந்த நீட்டு ரோட்டுக்குப் போங்கள். 50 அளவில் ஓடிக்கொண்டே ஸ்ரியரிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். அப்போது பாரம் வலப்பக்கச் சில்லில் விழும். இரைச்சல் கூடினால் பிழை வலப்பக்கம். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரிக் கேட்டால் ரயரையும் ஒருக்கால் பாருங்கள். பூ ஏறுமாறாகத் தேய்ந்த ரயரும் இப்படியே இரையும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு முன் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இளஞ்சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது. பிறேக் இறுகிப் பிடித்திருந்தாலும் அப்படிச் சுடும் என்பதை மறக்க வேண்டாம்.

பிறகு ஜக்கில் தூக்கி, சில்லின் உச்சியில் ஒரு கையும் அடியில் ஒரு கையும் வைத்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே ஏற்றிப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். எனக்கு மிதித்துத் தருவது மருமகன். பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங். பிடித்த பிறகும் ஆடினால் சில்லைத் தாங்கித் திரும்ப விடும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ற் பக்கம் பாருங்கள். இன்னும் ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கையால் சில்லைச் சுற்றிவிட்டு மற்றக் கையை ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் கைக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாகக் குறுணி அரைபடுவது போலக் கைக்கு வரும். காது கேட்பதற்கு முன்பே கை கண்டுபிடித்துவிடும்.

சில்லைக் கழற்றியதும் உட்பக்கத்தைப் பாருங்கள். ரிம்மின் உட்புறத்திலோ பிறேக் டிஸ்க்கின் பின்னாலோ கிறீஸ் தெறித்து மண் அப்பியிருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

சாமான் வாங்குவது

பழையதைக் கழற்றி, துடைத்து, நம்பரை வாசித்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் நல்லது. "டிஎக்ஸ் வேகனுக்கு முன் பேரிங்" என்று வாயால் கேட்டு வாங்கினால் ஏமாற இடமுண்டு. இத்தனை வருடத்தில் யாராவது வேறு ஹப் போட்டிருக்கலாம். நம்பர் பேரிங்கின் ஓரத்தில் வெட்டப்பட்டிருக்கும். 30205 போன்ற நம்பர் என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். உள்விட்டம் 25 மில்லிமீற்றர். எல்எம் என்று தொடங்குவது அங்குல அளவு. அதற்கு இந்தக் கணக்கு இல்லை. சீலில் பெரும்பாலும் மூன்று அளவு இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு.

உருளைகள் உள்ள உட்பகுதியைக் கோன் என்பார்கள், வெளிவளையத்தைக் கப் என்பார்கள். இரண்டையும் சோடியாகவே வாங்குங்கள். புதுக் கோனைப் பழைய கப்பில் போட்டு ஓட்டுவது வீண் செலவு. ஒரு சில்லுக்குத் தேவையானவை உள் பேரிங், வெளிப் பேரிங், ஒரு சீல், நட்டு கழலாமல் பூட்டும் இரட்டைக்கால் கம்பியான ஸ்பிளிட் பின் ஒன்று. ஸ்ரான்லி வீதிப் பக்கக் கடைகளில் ஏறி இறங்கினால் கிடைத்துவிடும். கிடைக்காததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்துத் தருவார்கள். பெட்டியில் பெரிய பெயர் இருந்தால் போதாது, பேரிங்கின் உடம்பிலும் அதே பெயரும் நம்பரும் துப்புரவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

கிறீஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். அடிப்பக்க மூட்டுகளுக்கு அடிக்கும் மலிவுக் கிறீஸ் டிஸ்க் பிறேக்கின் சூட்டில் உருகி ஓடிவிடும். லித்தியம் கொம்பிளெக்ஸ் வகை, என்எல்ஜிஐ 2 (கிறீஸின் தடிப்பைச் சொல்லும் எண்), சில்லு பேரிங்குக்கு உகந்தது என்று டின்னில் எழுதியிருப்பதை வாங்குங்கள். பழைய கிறீஸோடு கலக்க வேண்டாம். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தண்ணீராய் இளகிவிடும்.

கழற்றுவது

சமதரையில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, ஹான்ட் பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கார் தரையில் நிற்கும்போதே சில்லு நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். செம்மண் முற்றம் என்றால் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை வேண்டும். மழை பெய்த மண்ணில் ஜக் சரியும். தூக்கியதும் காரைத் தாங்கும் இரும்பு ஸ்ராண்டில் இறக்குங்கள். ஓட்டைச் சீமெந்துக் கல்லை ஸ்ராண்டாக வைக்கவே கூடாது. நன்றாகத்தான் நிற்பது போல இருக்கும், ஆனால் ஒரு தட்டில் மாவாகிவிடும். கழற்றிய சில்லையும் காருக்கு அடியில் படுக்கப் போட்டுவையுங்கள்.

டிஸ்க்கைக் கவ்வும் பகுதியான பிறேக் கலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றிக் கலிப்பரை அப்படியே எடுத்து, கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ரப்பர் ஹோஸில் தொங்க விடாதீர்கள். உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாது. கலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பிறேக்கை மிதிக்கக் கூடாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கார்க் கதவைப் பூட்டிவிடுங்கள்.

நடுவில் இருக்கும் தகர மூடியைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினால் வந்துவிடும். ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுங்கள். பூட்டு மூடி, நட்டு, வொஷர் மூன்றையும் கழற்றும் வரிசைப்படியே பழைய பேப்பரில் அடுக்குங்கள். ஹப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் வெளிப் பேரிங் முன்னுக்கு வரும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹப்பை உருவுங்கள். டிஎக்ஸ் வேகனில் டிஸ்க்கும் ஹப்போடு சேர்ந்தே வரும், பாரம் இருக்கும்.

ஹப்பைக் கவிழ்த்தால் சீல் தெரியும். நெம்பி எடுக்குமுன் ஒரு படம் எடுத்துவையுங்கள். எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது பிறகு தேவைப்படும். அதன் கீழே உள் பேரிங் இருக்கும்.

பார்க்க வேண்டியவை

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுப் பழைய பெயின்ற் பிறஷ்ஷால் கழுவுங்கள். ஹப்பின் உட்குழியில் ஒரு சொட்டுப் பழைய கிறீஸும் மிஞ்சக் கூடாது. கொம்பிறெசர் காற்றால் பேரிங்கைச் சுழற்றி விளையாட வேண்டாம். உருளை தெறித்துக் கண்ணைப் பறிக்கும்.

கழுவிய பழைய பேரிங்கை எறியுமுன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். உங்கள் காருக்கு என்ன நடந்தது என்று அது சொல்லும். கப்பின் உட்புறத்தில் உருளைக்கு உருளை இடைவெளி விட்டு மண்ணிறக் கோடுகள் இருந்தால், உள்ளே தண்ணீர் இருக்கக் கார் நாட்கணக்கில் நின்றிருக்கிறது. சாம்பல் நிறத்தில் பொருக்குப் பொருக்காகத் தோல் உரிந்திருந்தால் அது களைத்த உலோகம். நீலம் பாரித்திருந்தால் சூடு. அநேகமாக அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் அந்தப் பேரிங்குக்கு மன்னிப்பே இல்லை.

அதே நகத்தால் ஹப் ஏறி நிற்கும் அச்சையும் பாருங்கள். முக்கியமாக சீலின் உதடு உரசும் இடம். மணலும் உப்பும் சேர்ந்து அங்கே மோதிரம் போட்ட விரல் மாதிரி ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. நகம் விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் தண்ணீர் புகும். இலேசான துரு என்றால் 600ஆம் நம்பர் ஈர உப்புத்தாளால் அச்சைச் சுற்றி மினுக்குங்கள். ஆழமான பள்ளம் என்றால் கழற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய் மெல்லிய வளையம் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள்.

கப் ஏற்றுவது

ஹப்புக்குள் பழைய கப்பின் பின்புறத்தைத் தொட இரண்டு வெட்டு விட்டிருப்பார்கள். அதில் பித்தளைக் கம்பியை வைத்து, ஒருபக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறி அடித்தால் நேராக இறங்கிவிடும்.

புதுக் கப்பை முதல்நாள் இரவே பொலித்தீனில் சுற்றிப் பிறீசரில் வையுங்கள். ஹப்பைக் காலையில் வெயிலில் வையுங்கள். எங்கள் வெயில் இந்த வேலைக்குத் தாராளம். கப்பின் அகன்ற வாய் வெளியே பார்க்க வேண்டும். மேலே பழைய கப்பைக் கவிழ்த்து வைத்து அடித்தால் புதியதில் அடி படாது. பழைய கப்பின் வெளிப்புறத்தை கிறைண்டரில் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். இறங்கிக்கொண்டிருக்கும்வரை 'டொக், டொக்' என்று பொத்தலாகக் கேட்கும். அடிவரை போய் உட்கார்ந்ததும் 'ணங்' என்று கெட்டியாக மாறும். மாறிய பிறகு ஒரு அடிகூட வேண்டாம்.

கிறீஸ் ஊட்டுவது

இதை எனக்குக் காட்டித் தந்தவர் பெரியப்பா. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது ஹயர் கார் ஓட்டியவர். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம் அது. ஒரு கரண்டி கிறீஸ்கூட வீண்போகக் கூடாது. அவர் இடது உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு கிறீஸ் வைப்பார். பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் வைத்து உள்ளங்கையின் ஓரத்துக்கு இழுத்து இழுத்து அமத்துவார். ஐந்தாறு தடவை அமத்தியதும் மற்றப் பக்கத்து உருளைகளின் இடுக்கால் கிறீஸ் புழுப் புழுவாக எட்டிப் பார்க்கும். பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். சுற்று முழுவதும் அப்படி எட்டிப் பார்த்தால்தான் உள்ளே நிறைந்திருக்கிறது. வெளியே பூசுவது கிறீஸ் போடுவது ஆகாது.

ஹப்பின் உட்குழியில் சுவரோடு ஒரு படை பூசுங்கள், கப்பின் ஓரத்துக்குச் சமமாக. குழி முழுவதையும் அடைக்க வேண்டாம். சூடானால் விரிய இடமில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு வரும்.

உள் பேரிங்கை வைத்துவிட்டுத்தான் சீல். உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் இருக்கும் பக்கம் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எடுத்த படத்தோடும் ஒப்பிடுங்கள். மட்டமான பலகைத் துண்டை மேலே வைத்து நடுவில் தட்டுங்கள். ஒருபக்கம் சரிந்து இறங்கினால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கம் தட்டி நேராக்குங்கள். உதட்டில் கொஞ்சம் கிறீஸ் தடவுங்கள். காய்ந்த உதட்டோடு ஓட்டினால் முதல் கிலோமீற்றரிலேயே கருகும்.

இறுக்குவது

முழு வேலையும் இங்கேதான் தங்கியிருக்கிறது. நான் முதல்முறை செய்தபோது சில்லு கழன்றுவிடுமோ என்ற பயத்தில் நீள ஸ்பானரால் இறுக்கி முடிந்து பின்னைக் குத்திவிட்டேன். பருத்தித்துறை போய்ச் சேருமுன் கிறீஸ் கருகும் வாசம் வந்தது. மூடியைத் தொட முடியவில்லை. புதுப் பேரிங் இரண்டும் நீலமாகிப் போயின.

சரியான முறை இது. ஹப்பை அச்சில் ஏற்றி, வெளிப் பேரிங், வொஷர், நட்டு போடுங்கள். கலிப்பரை இன்னும் மாட்ட வேண்டாம். பிறேக் உரசினால் பேரிங்கின் இறுக்கம் கைக்குத் தெரியாது. ஹப்பை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மற்றக் கையால் நட்டை ஸ்பானர் போட்டு நடுத்தரமாக இறுக்குங்கள், ஏறத்தாழ 30 நியூட்டன் மீற்றர். சுற்றுவது கட்டாயம். சுற்றினால்தான் உருளைகள் தங்கள் இடத்தில் போய் உட்காரும். இரு பக்கமும் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நட்டைக் கை விரலால் திரும்பும்வரை தளர்த்துங்கள். இப்போது ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு விரலால் மட்டும், போகும்வரை இறுக்குங்கள். அவ்வளவுதான்.

பூட்டு மூடியைப் போட்டு, ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேர்படுகிறதா என்று பாருங்கள். நேர்படாவிட்டால் அடுத்த துளைக்காகத் தளர்த்துங்கள், இறுக்காதீர்கள். ஹப்பைப் பிடித்து இழுத்தால் இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவு அசைவு இருக்கலாம், 0.1 மில்லிமீற்றருக்குள். சுற்றினால் இழுவை இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உங்கள் காரின் கையேடு கிடைத்து, அதில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுங்கள்.

ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ஒரு தடவை மடித்தது அடுத்த மடிப்பில் முறியும். தகர மூடிக்குள் கிறீஸை அடைக்கத் தேவையில்லை. டிஸ்க்கில் பட்ட கிறீஸைப் பெற்றோல் நனைத்த துணியால் துடைத்து, கலிப்பரைப் போட்டு, இரண்டு போல்ட்டையும் பலமாக இறுக்குங்கள். காரை நகர்த்துமுன் பிறேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பெடல் கெட்டியாகிறதா என்று பார்த்துவிட வேண்டும். டிஸ்க்கை அமத்தும் பிறேக் பாட் பின்னுக்குப் போயிருந்தால் முதல் மிதியில் பிறேக் பிடிக்காது, கேற்றுக்கு வெளியே ரோட்டில்தான் அது தெரியவரும்.

ஏழெட்டுக் கிலோமீற்றர் ஓடி, அதிகம் பிறேக் பிடிக்காமல் வந்து நிறுத்திப் புறங்கையால் ஹப்பைத் தொடுங்கள். இளஞ்சூடு சரி. சில்லு நட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு. 500 கிலோமீற்றர் ஓடியதும் ஜக்கில் தூக்கி ஆட்டிப் பாருங்கள். புதுக் கப் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து இலேசான ஆட்டம் வந்திருந்தால் விரல் இறுக்கத்தைத் திரும்பச் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு மாரி முடிந்ததும் ஒரு பார்வை. வெள்ளத்துக்குள் ஹப் மூழ்க ஓட்டிய கார் என்றால் காத்திருக்காமல் அந்தக் கிழமையே கழற்றிக் கழுவுங்கள். புதிய கிறீஸ் பால் நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது.

கழுவிய மண்ணெண்ணெயை வளவில் ஊற்றாதீர்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், அதில் வெடிப்பும் குகையுமாக வழி இருக்கிறது. மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போக நாட்கள் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் தண்ணீருக்குப் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஒரு மூடி போட்ட கானில் விட்டு இரண்டு நாள் வையுங்கள். அழுக்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த சில்லுக்குப் பாவிக்கலாம். அடிவண்டலைப் பழைய கிறீஸோடு சேர்த்துத் தகர டின்னில் அடைத்து, பழைய ஒயில் சேர்க்கும் கராஜ் ஒன்றில் கொடுத்துவிடுங்கள்.